‘நார்மல்’ என்று அச்சடித்த அந்த 2.4

தர்மபுரி மாவட்டத்தில், காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். பெயர், ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு நான்கு வயது. நடக்க ஆரம்பித்ததிலிருந்தே இரண்டு கால்களும் வில்போல வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன. வாத்து நடப்பதுபோல இடுப்பை ஆட்டி நடக்கிறாள். உயரம் 91 சென்டிமீட்டர். ஒன்றரை வருடத்தில் மூன்று முறை, முறைக்கு எட்டு வாரம் வீதம், வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம் கொடுத்தாகிவிட்டது. வளைவு குறையவில்லை. போன வருடம் முன்பல் ஈறில் சீழ்க்கட்டி வந்து, பல்லில் சொத்தையே இல்லாமல் அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் 9.4, பாஸ்பரஸ் 2.4, அல்கலைன் பாஸ்படேஸ் 890, வைட்டமின் டி 62. கடைசி இரண்டைத் தவிர எல்லாம் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் சொல்கிறதாம்.

கடிதம் எழுதியவரின் உயரம் 4 அடி 8 அங்குலம். அவருக்கும் கால் லேசாக வளைவு. தங்கைக்கும் அப்படியே. அண்ணன் மட்டும் நேராக, நல்ல உயரம். அப்பாவுக்குக் கால் வளைவு, சின்ன வயதிலேயே பல் போய்விட்டது, இப்போது முதுகு விறைத்துக் குனிய முடிவதில்லை. “எல்லாம் போர் தண்ணி பண்ண வேலை” என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கணவர் இவருடைய தாய்மாமன், அதாவது அம்மாவின் தம்பி. “அக்கா மகளைக் கட்டினா இப்படித்தான்” என்று உறவுக்காரர்கள் காதுபடவே பேசுகிறார்கள். மாமியாரும் பாட்டியும் ஒருவரே என்பதால் அந்தப் பேச்சு அவரையும் சுடுகிறது.

ஒரு தனியார் மருத்துவமனையில், இரண்டு காலிலும் எலும்பை வெட்டி நேராக்கலாம், இப்போதே செய்தால் நல்லது என்றிருக்கிறார்கள். நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள பயம். “பையனாப் பொறந்தா இது வராது, உங்க அண்ணனைப் பாரு” என்று பாட்டி தைரியம் சொல்கிறார். தண்ணீரா, கல்யாணமா, நான் செய்த தப்பா, எது காரணம் என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது சரியில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதில் ஒரு பெயர் கிட்டத்தட்ட எழுதியே இருக்கிறது. முதலில் இரண்டு விஷயம். ஆபரேஷனுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள், நிலப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். நாலாவது தடவையாக வைட்டமின் டி பொட்டலமும் வேண்டாம்.

அந்த 2.4

நீங்கள் ‘நார்மல்’ என்று கடந்துபோன பாஸ்பரஸில்தான் விஷயமே இருக்கிறது. ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்தில் 2.4 முதல் 4.5 வரை அல்லது அதற்குச் சமமாக ஏதோ அச்சிட்டிருப்பார்கள். அது பெரியவர்களுக்கான அளவு. வளரும் குழந்தைக்கு எலும்பு கட்ட அதிகம் தேவை. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சுமார் 4-க்குக் கீழே போகவே கூடாது. பல லேப்களின் கம்ப்யூட்டரில் வயதுவாரியான அளவு ஏற்றியிருப்பதில்லை. எழுபது வயதுத் தாத்தாவுக்கும் நான்கு வயதுப் பேத்திக்கும் ஒரே வரிதான் அச்சாகி வருகிறது.

இதில் லேப்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படிப்பு முடித்த புதிதில், 2.7 இருந்த ஒரு பையனின் ரிப்போர்ட்டில் நானே ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். எட்டு மாதம் கழித்து என் ஆசிரியர் அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பாஸ்பரஸ் வரியை விரல் வைத்துப் படிக்கிறேன்.

அல்கலைன் பாஸ்படேஸ் என்பது எலும்பு கட்டும் செல்கள் வெளிவிடும் ஒரு என்சைம். அது 890 என்பது, எலும்பு செல்கள் ஓவர்டைம் பார்த்தும் வேலை முடியவில்லை என்று காட்டுகிறது. வைட்டமின் டி நிறைய இருக்கிறது, கால்சியம் சரியாக இருக்கிறது, பாஸ்பேட் (ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் என்று வருவது) மட்டும் போதவில்லை. இதோடு உங்கள் குடும்பக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் எக்ஸ்-லிங்க்ட் ஹைப்போபாஸ்பட்டீமியா, சுருக்கமாக எக்ஸ்.எல்.ஹெச்., என்ற பரம்பரை எலும்பு நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியது. இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல. குழந்தைகளின் எலும்பு கெட்டிப்படாமல் வளைவதை ரிக்கெட்ஸ் என்கிறோம்; எவ்வளவு வைட்டமின் டி கொடுத்தாலும் அசையாத ரிக்கெட்ஸ் ஒன்று உண்டு என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1937-லேயே எழுதிவிட்டார். காரணமான ‘பெக்ஸ்’ மரபணு 1995-ல் தெரிந்தது.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பைக் கல்லுபோல நினைக்கிறோம். உள்ளே உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை ஒரு ஹார்மோனையும் சுரக்கின்றன. எஃப்.ஜி.எஃப்.23 என்று பெயர். ‘பாஸ்பேட் போதும், மிச்சத்தைச் சிறுநீரில் விடு’ என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதன் வேலை. ஏரியில் தண்ணீர் அதிகமானால் மதகைத் திறக்கச் சொல்வதுபோல. பெக்ஸ் மரபணு கோளாறானால் இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஏரியில் முழங்கால் தண்ணீர் இருக்கும்போதும் மதகுப் பலகை தூக்கியே கிடக்கிறது. சாப்பிட்ட பாஸ்பேட் எல்லாம் சிறுநீரில் போய்விடுகிறது.

அந்த ஹார்மோன் இன்னொரு காரியமும் செய்கிறது. வைட்டமின் டி அப்படியே உடம்புக்குப் பயன்படாது. சிறுநீரகத்தில் அதைக் கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவமாக மாற்ற வேண்டும். எஃப்.ஜி.எஃப்.23 அந்த மாற்றத்தையும் தடுக்கிறது. அதனால்தான் உங்கள் மகளுக்கு வைட்டமின் டி 62 இருந்தும் பலனில்லை. நெல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அரைக்கிற மில் பூட்டிக் கிடக்கிறது. மூன்று சுற்றிலுமாகச் சேர்த்து 14 லட்சம் யூனிட்டுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொடுத்தால் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் படிய ஆரம்பிக்கும். நல்லவேளை, இப்போதைக்குக் கால்சியம் சரியாக இருக்கிறது.

கால் ஏன் வளைகிறது? முழங்காலுக்கு மேலும் கீழும் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு உண்டு. அங்கே செல்கள் காசு அடுக்கினதுபோல வரிசையாக நிற்கும். கடைசி வரிசையில் இருப்பவை உப்பி, தங்கள் வேலை முடிந்ததும் மடிந்து, அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து எலும்பாகும். அந்தச் செல்கள் மடிவதற்கே பாஸ்பேட் வேண்டும். அது இல்லாவிட்டால் உப்பின செல்கள் அப்படியே குவிந்து, தட்டு தடித்து, கெட்டிப்படாமல் கொழகொழவென்று நிற்கிறது. பிள்ளை எழுந்து நடக்கிறாள், உடம்பின் எடை அதன்மேல் விழுகிறது, வளைகிறது. நீங்கள் அனுப்பிய முழங்கால் எக்ஸ்ரேயில், எலும்பு முனை கிண்ணம்போலக் குழிந்து, ஓரமெல்லாம் தேய்ந்த துடைப்பம்போலச் சிலும்பியிருப்பது இதுதான்.

பல் ஈறில் வந்த சீழ்க்கட்டியும் இதே கதை. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் சரியாகக் கெட்டிப்படாததால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடுகிறது. சொத்தை இல்லாத பல்லில் சீழ்க்கட்டி என்று நீங்கள் எழுதிய ஒரே வரிக்காகவே உங்கள் கடிதத்தை மாணவர்களிடம் காட்டலாம் போலிருந்தது.

“வளர வளர சரியாயிடும்” என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிறந்த குழந்தைக்குக் கால் வளைந்திருப்பது இயல்பு. இரண்டு வயதுக்குள் நேராகிவிடும். மூன்று, நான்கு வயதில் அதற்கு நேர்மாறாக முட்டிகள் உள்பக்கம் லேசாக ஒட்டும், ஏழு வயதில் அதுவும் சரியாகும். நான்கு வயதில் வெளிப்பக்கம் வளைந்த கால் என்றால் காத்திருக்கக் கூடாது.

தண்ணீரைச் சந்தேகப்பட்டது தப்பில்லை

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளூரைடு கற்பனை இல்லை. 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே குடிநீரோடு ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு மிஞ்சிப் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. பல ஆழ்துளைக் கிணறுகளில் அதைத் தாண்டும். கால்சியம் குறைவாகச் சாப்பிடும் குழந்தைக்கு அதிக ஃப்ளூரைடு சேர்ந்தால் காலும் வளையலாம். ஆகவே அந்தச் சந்தேகத்தை நான் தள்ளவில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு அது பொருந்தவில்லை.

ஃப்ளூரைடு எலும்பை எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுப்பாகக் காட்டும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வில்கூடச் சுண்ணாம்பு படியும். மகளின் முழங்கால் படத்தில் அந்த வெளுப்பு இல்லை. அதைவிட முக்கியம், தண்ணீர் ஆள் பார்த்துப் பாதிக்காது. ஒரே குழாயில் குடித்த உங்கள் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை, உங்கள் அப்பாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஒரு பேத்திக்கும் மட்டும் வந்திருக்கிறது என்றால் அது குழாய் வழியாக வந்ததில்லை, இரத்த வழியாக வந்தது.

அப்பாவின் முதுகு விறைப்பையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்.எல்.ஹெச். உள்ளவர்களுக்கு நடுவயதுக்கு மேல் தசைநார் எலும்பில் சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிந்து முதுகும் இடுப்பும் விறைக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஃப்ளூரோசிஸ் மாதிரியே இருக்கும். நம் ஊரில் ஃப்ளூரைடு பெயர் அவ்வளவு பழக்கமானதால், அதன் நிழலில் இந்த நோய் ஒளிந்துகொள்வது சுலபம். அவருக்கு இரண்டுமேகூட இருக்கலாம்.

தண்ணீருக்காக வீட்டை ஓசூருக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரைக் காய்ச்சிச் சமைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, லிட்டருக்கு இருக்கும் அளவு ஏறத்தான் செய்யும். ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கும் மாட்டுக்கும் போர் போதும். ஒரு பாட்டிலில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் அளவு தெரிந்துவிடும்.

சொந்தத்தில் கட்டியதாலா?

இல்லை. இந்தப் பகுதியை உங்கள் பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பெக்ஸ் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். மகளுக்குக் கொடுப்பது தன்னிடம் இருக்கும் ஒரே எக்ஸ். ஆகவே இந்த நோய் உள்ள அப்பாவின் மகள்கள் எல்லாருக்கும் அது போகும், மகன் ஒருவருக்கும் போகாது. உங்கள் வீட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அப்பா, நீங்கள், தங்கை. அண்ணன் வெளியே. பாடப்புத்தகத்தில் படம் போட்டதுபோல இருக்கிறது.

உங்கள் கணவர் உங்கள் அம்மாவின் தம்பி. இந்த மரபணு வந்ததோ உங்கள் அப்பாவிடமிருந்து. கணவருக்கு இதில் பங்கே இல்லை. நீங்கள் யாரைக் கல்யாணம் செய்திருந்தாலும் மகளுக்கு வரும் வாய்ப்பு இதேதான். சொந்தத்துக்குள் கல்யாணம் வேறு சில நோய்களில் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வரும் நோய்கள் அவை. பாஸ்பேட் ஒழுகும் ரிக்கெட்ஸிலேயே அப்படிப்பட்ட அரிய வகைகள் உண்டு. அதனால்தான் மரபணுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவது உங்கள் குடும்பத்துக்கு நல்லது என்கிறேன். ஆனால் மூன்று தலைமுறையாக, இந்தக் கோட்டில் இறங்கியிருப்பது அந்த மாதிரி இல்லை.

உங்கள் தப்பா என்று கேட்டீர்கள். கர்ப்பத்தில் நீங்கள் எதையோ சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ வந்ததில்லை. நீங்களே இந்த நோயோடு, மருந்தில்லாமல் வளர்ந்தவர்.

அடுத்து என்ன பரிசோதனை

வைட்டமின் டி குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் ஏறி பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளும். ஆகவே அந்த ஹார்மோனைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லை. எக்ஸ்.எல்.ஹெச்.சில் அது சரியாகவோ கொஞ்சமே கூடியோ இருக்கும். காலையில் பால் கொடுப்பதற்கு முன், இரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுத்து, இரண்டிலும் பாஸ்பேட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். இரத்தத்தில் பாஸ்பேட் இவ்வளவு குறைந்திருக்கும்போது, நல்ல சிறுநீரகம் வடிகட்டியதில் 100-க்கு 90-க்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒழுகவிடுகிறதா என்பது இந்தச் சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் வேண்டாம். கூடவே பைகார்பனேட்டும், சிறுநீரில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் குழாய்களின் வேறு நோய்களை அதில் ஒதுக்கிவிடலாம். சிறுநீரகத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் தொடங்குங்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவிடம் சொன்னால், டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட மையத்துக்கு அவர்களே சீட்டு எழுதுவார்கள். மரபணு ஆலோசனைக்கும் ஹார்மோன் மருத்துவருக்கும் வேலூர் சி.எம்.சி. அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. மரபணு ரிப்போர்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. இரத்தமும் சிறுநீரும் உறுதி செய்தால் அன்றே தொடங்கலாம்.

மருந்து

வழக்கமான சிகிச்சை இரண்டு மருந்துகள் சேர்ந்தது. ஒன்று பாஸ்பேட், திரவமாகவோ பொட்டலமாகவோ; இங்கே ஜூலி சொல்யூஷன் என்று எழுதிக் கொடுப்பார்கள். இன்னொன்று கால்சிட்ரியால், நான் மேலே சொன்ன அரைத்த மாவு. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்கக் கூடாது. பாஸ்பேட்டை மட்டும் கொடுத்தால் பாராதைராய்டு ஏறி எலும்பு இன்னும் கெடும்.

பாஸ்பேட் இரத்தத்தில் ஏறி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் நாளுக்கு 4 முதல் 6 வேளை பிரித்துக் கொடுக்க வேண்டும். இதுதான் இந்தச் சிகிச்சையின் கஷ்டமே. ருசி உவர்ப்பு, ஆரம்பத்தில் வயிறு போகும். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினால் பழகிவிடும். அங்கன்வாடி டீச்சரிடம் பதினொரு மணி வேளைக்கு ஒரு சின்ன பாட்டில் கொடுத்து வையுங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பால் குடித்த கையோடு, களி சாப்பிட்ட கையோடு பாஸ்பேட் கொடுக்காதீர்கள். கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு குடலோடு வெளியேறிவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு அருமையான தானியம். களியை நிறுத்தாதீர்கள், இடைவெளி மட்டும் விடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்து கொடுத்த பிறகும் காலை பாஸ்பரஸ் குறைவாகத்தான் இருக்கும். அதை ‘நார்மல்’ ஆக்கியே தீருவேன் என்று யாராவது அளவை ஏற்றிக்கொண்டே போனால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். நாம் பார்க்க வேண்டியது அந்த 890 இறங்குகிறதா, உயரம் கூடுகிறதா, கால் நேராகிறதா என்பதை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம், சிறுநீர். வருடத்துக்கொரு முறை சிறுநீரக ஸ்கேன்.

புரோசுமாப் என்ற ஊசியைப் பற்றி யூடியூபில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது எஃப்.ஜி.எஃப்.23-யையே பிடித்து அடக்கும் மருந்து. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. 61 குழந்தைகளை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஒப்பீட்டில் பழைய மருந்துகளைவிட எலும்பு நன்றாகத் தேறியது. ஆனால் வருடம் முழுக்கப் போட ஆகும் செலவு நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. அது கிடைக்கவில்லையே என்று பழைய மருந்தைத் தொடங்காமல் இருப்பதுதான் நஷ்டம். பழைய மருந்திலேயே கால் கணிசமாக நேரான பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆபரேஷன்

நான் அறுவை மருத்துவன், கத்தியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் இரத்தத்தைச் சரிப்படுத்தாமல் இந்த எலும்பை வெட்டி நேராக்கினால் சேர நாளாகும், சேர்ந்த பிறகும் அதே தட்டு அதே எடையில் மறுபடி வளையும். ஒரே பிள்ளைக்கு மூன்று முறை ஆபரேஷன் ஆன குடும்பங்கள் உண்டு.

குறைந்தது ஒரு வருடம் மருந்து. நான்கு வயதில் தொடங்கினால் வளைவில் நல்ல பங்கு தானாகவே குறைய வாய்ப்பிருக்கிறது. மிச்சம் இருந்தால், வளர்ச்சித் தட்டின் வெளிப்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவோடு ஒரு சின்னத் தகடு வைத்து அந்தப் பக்க வளர்ச்சியை மட்டும் தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம். உள்பக்கம் வளர்ந்து காலைத் தானே நிமிர்த்தும். ஒன்று, இரண்டு வருடத்தில் தகட்டை எடுத்துவிடலாம். எலும்பை வெட்டுவது கடைசி வழி. எப்போது செய்தாலும் மருத்துவரிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள்: கட்டுப் போட்டு நாள்கணக்கில் படுத்திருந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும், அந்த நாட்களில் கால்சிட்ரியால் அளவை மாற்ற வேண்டும்.

இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் வேண்டாம், பணம்தான் வீண். எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். அது முறிவுக்குச் செய்யும் வேலை, இங்கே முறிவே இல்லை. ஓடி விளையாட விடுங்கள்.

அடுத்த குழந்தை

பாட்டி அண்ணனைக் காட்டிச் சொன்ன தைரியத்தில் ஒரு ஓட்டை. அண்ணன் தப்பியது ஆண் என்பதால் மட்டுமில்லை, நோய் அப்பாவிடம் இருந்ததால். உங்கள் பிள்ளைகளுக்கோ அது உங்களிடமிருந்து வருகிறது. உங்களுடைய இரண்டு எக்ஸில் ஒன்றில்தான் பழுது. எது போகும் என்பது காசு சுண்டிப் போடுவதுபோல. ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி. ஆகவே ஆண் குழந்தை தேடி அலைவதால் பயனில்லை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994-ம் வருடச் சட்டப்படி குற்றமும்கூட. மரபணு நோய்க்காகப் பதிவு பெற்ற மையத்தில் கருவைப் பரிசோதிக்க அதே சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு முதலில் மகளின் மரபணு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனை உங்களுக்கு வேண்டுமா என்பது நீங்களும் கணவரும் மட்டும் எடுக்கும் முடிவு. இது உயிரைப் பறிக்கும் நோய் இல்லை, புத்தியைத் தொடாது. என்னைக் கேட்டால், குழந்தை பிறந்த கையோடு பரிசோதித்து, முதல் வருடத்திலேயே மருந்து தொடங்குவதைத்தான் சொல்வேன். கால் வளைவதற்கு முன் தொடங்கிய பிள்ளைகள் உயரத்திலும் நடையிலும் நன்றாகத் தேறுகிறார்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம்: முதல் சில மாதங்களில் பாஸ்பரஸ் சரியாகவே காட்டி ஏமாற்றலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கர்ப்பமானதும் மகப்பேறு மருத்துவரிடம் உங்கள் நோயைச் சொல்லிவிடுங்கள். முதல் பிரசவம் இடுப்பெலும்பு குறுகல் என்று சிசேரியன் ஆனதாக எழுதியிருந்தீர்கள். அதுவும் இதோடு சேர்ந்ததாகவே இருக்கும்.

உங்களுக்கு

நான்கு பக்கத்தில் உங்கள் முட்டி வலியைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். மகளுக்கு எடுக்கும் அன்றே உங்களுக்கும் பாஸ்பரஸ் பாருங்கள். வலியும், சேராத விரிசலும் இருந்தால் பெரியவர்களுக்கும் சிகிச்சை உண்டு. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மரபணுக் காரணத்தால் வளர்ந்த பின்னும் 4 அடி 10 அங்குலத்துக்கு மேல் போகாதவர்களும் சேர்த்தி. சான்றுக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு வழியிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். மகளுக்கு இப்போது அந்த அட்டை தேவைப்படாது.

தங்கைக்கு வரன் பார்ப்பதாகவும், இதை வெளியே சொன்னால் கல்யாணம் தடைபடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால் அவருக்கே தெரியாமல் வைக்காதீர்கள்.

வேலூருக்குப் போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள். வர மாட்டேன் என்றால், அவருடைய பழைய எக்ஸ்ரே பரணில் கிடந்தால் அதையாவது சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் காலையில் பாலைக் கொடுத்துவிடாதீர்கள். பிளாஸ்கில் எடுத்துப் போய், இரத்தம் எடுத்த பிறகு கொடுக்கலாம்.